இயங்குதளம் மாற்றும்போது நடுகல் படங்களும் பழைய தமிழ்க் கோப்புகளும் தப்புமா?

அரூர் ஓய்வாசிரியர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். தருமபுரி மாவட்டம் அரூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். 2017-இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் விண்டோஸ் 10 இயங்குகிறது. அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டதால், இனி என்ன செய்வது என்று பழுது பார்க்கும் கடை ஒன்றில் விசாரித்தேன். "உங்களுடையது ஏழாம் தலைமுறை ஐ3 பிராசசர் என்பதால் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது, நாங்கள் வேறு வழியில் ஏற்றித் தருகிறோம். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்வோம், டி டிரைவில் இருப்பது அப்படியே இருக்கும், பயப்படாதீர்கள்" என்றார்கள். அவர்கள் பயப்படாதீர்கள் என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை வட்டாரங்களில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கும் நடுகற்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து, கல் நிற்கும் இடம், அதில் பொறித்திருக்கும் வாசகம், ஊரார் அதைப் பற்றிச் சொல்லும் கதை ஆகியவற்றையும் எழுதிச் சேர்த்திருக்கிறேன். அவற்றுள் சில கற்கள் இன்று அந்த இடத்தில் இல்லை. கதை சொன்ன முதியவர்கள் பலரும் இல்லை. ஆகவே, போனால் போகட்டும், மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. படங்கள் டி டிரைவில் இருக்கின்றன. குறிப்புகளை வானவில் எழுத்துருவில் வேர்டில் தட்டச்சு செய்து, டாக்குமென்ட்ஸிலும் டெஸ்க்டாப்பிலுமாக வைத்திருக்கிறேன். குரல் பதிவுகள் சில டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 180 ஜிபி வரும்.

நிறுவும்போது "சொந்தக் கோப்புகளை வைத்துக்கொள்" என்று ஒரு தேர்வு வரும் என்கிறார்கள், அதை நம்பலாமா? டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மையா? நான் நினைத்துப் பார்க்காமல் விட்டது ஏதேனும் இருந்தால் அதையும் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

காவேரிப்பட்டணம் சர்வீஸ்காரர் எழுதியது:

ஐயா, வணக்கம். காவேரிப்பட்டணத்தில் கணினி பழுது பார்க்கும் தொழில் செய்கிறேன். மாம்பழ மண்டிகளின் கணக்குக் கணினிகளும் மாம்பழக் கூழ் ஆலைகளின் அலுவலகக் கணினிகளுமே என்னிடம் அதிகம் வருபவை. சீசன் நேரத்தில் ஒரு கோப்பு தொலைந்தால்கூட அவர்கள் என்னை விடமாட்டார்கள் என்பதால், இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு ஓரளவு தகுதி உண்டு.

முதலில் அந்தத் தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அதற்குள்ளிருந்து புதிய பதிப்பின் நிறுவல் கோப்பைத் திறந்தால்தான் அது தோன்றும். கோப்புகளும் மென்பொருள்களும் இருக்கட்டும், கோப்புகள் மட்டும் இருக்கட்டும், எதுவும் வேண்டாம் என்று மூன்று வழிகளை அது காட்டும். முதல் இரண்டும் பெரும்பாலும் நம்பத்தக்கவையே. கடைகளில் அப்படிச் செய்வது அரிது. பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி நேரடியாக நிறுவுவார்கள். அந்த வழியில் போனால் "வைத்துக்கொள்" என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தப் பார்ட்டிஷனில், அதாவது வட்டின் எந்தப் பகுப்பில், நிறுவுவது என்பதை மட்டுமே அது கேட்கும். ஆகவே நீங்கள் கேள்விப்பட்ட வசதி, கடைக்காரர் செய்யப்போகும் வேலையில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டி டிரைவ் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை. சி-யை அழித்தால் டி அழியாது. ஆனால் பென் டிரைவிலிருந்து நிறுவும்போது அந்தத் திரையில் சி என்றும் டி என்றும் எழுத்துகள் வருவதில்லை. டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2, பார்ட்டிஷன் 3 என்று எண்களும் அவற்றின் அளவுமே வரும். ஒரு டெராபைட் வட்டைச் சரிபாதியாகப் பிரித்திருந்தால் இரண்டும் ஒரே அளவில் நிற்கும்; இடையில் விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சிறு பார்ட்டிஷன்களும் இருக்கும். அவசரத்தில் கை தவறுவது இந்த இடத்தில்தான். இன்றே "திஸ் பிசி"-யைத் திறந்து, டி டிரைவை வலச்சொடுக்கி, "ரீநேம்" கொடுத்து அதற்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைத்துவிடுங்கள். நிறுவல் திரையில் பார்ட்டிஷன் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரும் தெரியும்.

இன்னும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. 2017 கணினி என்கிறீர்கள். உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 500 ஜிபி எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத புதுவகை வட்டு) ஒன்றை வாங்கிக்கொண்டு, பழைய வட்டின் இணைப்புக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி.-யில் இயங்குதளத்தை நிறுவச் சொல்லுங்கள். கம்பி இல்லாத வட்டை எந்தக் கொம்பனாலும் ஃபார்மட் செய்ய முடியாது. நிறுவி முடித்ததும் பழைய வட்டை மறுபடி இணைத்தால் உங்கள் சி-யும் டி-யும் இருந்தபடியே கண்ணுக்குத் தெரியும். பழைய யூசர்ஸ் கோப்புறையை (சி டிரைவில் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாம் வழக்கமாக இதற்குள்தான் இருக்கும்) திறக்கும்போது "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு செய்தி வரலாம். "கன்டினியூ" அழுத்திச் சற்றுப் பொறுத்தால் திறந்துவிடும். கணினியின் வேகமும் கூடும் என்பது உபரி இலாபம்.

எஸ்.எஸ்.டி. வாங்காமல் பழைய சி டிரைவிலேயே நிறுவுவதானால், ஃபார்மட் செய்யாமல் நிறுவச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அப்போது பழைய விண்டோஸும் யூசர்ஸ் கோப்புறையும் "விண்டோஸ்.ஓல்டு" என்ற கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதை நிரந்தர இருப்பிடமாக எண்ணிவிடாதீர்கள். மேம்படுத்தலுக்குப் பிறகு பத்து நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும். "டிஸ்க் கிளீனப்" செய்கிறேன் என்று யாராவது உட்கார்ந்தால் அதற்கு முன்பே போய்விடும்.

தகுதி இல்லாத கணினியில் விண்டோஸ் 11 ஏற்றுவதை நான் செய்து கொடுப்பதில்லை. ஏற்ற முடியும், ஓடவும் ஓடும். ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லை என்பதால்தானே மாற்றவே நினைக்கிறீர்கள்? அவசரம் வேண்டாம் என்றால், விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனர்கள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறுவதற்கு ஒரு நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் அதற்குப் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். கோப்புகளை நிதானமாக ஒழுங்குபடுத்திக்கொள்ள அது கால அவகாசம் தரும்.

மடிக்கணினி வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தவுடனேயே வட்டு பூட்டப்பட்டுவிடுகிறது. அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் ஒன்று வேண்டும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதி எடுத்துக்கொள்ளாமல் வட்டைக் கழற்றுவதோ, பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்பை மாற்றுவதோ வேண்டாம். எண் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களிடம் கொண்டு வந்தாலும் பயன் இல்லை.

தருமபுரி ஆய்வகத்தார் எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் யோசனைகளில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். பழைய வட்டைக் கழற்றி வைப்பது நல்லதுதான். ஆனால் அந்த வட்டு 2017-ஐச் சேர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இத்தனை ஆண்டு ஓடிய ஹார்டு டிஸ்க் எந்த நாளில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பியைக் கழற்றி மறுபடி மாட்டும் நாளிலேயே அது நின்றுபோகவும் கூடும். ஆசிரியர் ஐயாவின் படங்கள் இப்போது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கின்றன. இயங்குதளத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், அவற்றை இரண்டாவது இடத்தில் வைப்பதுதான் அவசரமான வேலை. வெளிவட்டு ஒன்றில் ஒரு முழுப் படி எடுத்து, அது சரியாக இருக்கிறது என்று சோதித்த பிறகே எவரையும் கணினியைத் தொடவிட வேண்டும் என்பது என் கருத்து.

வெளிவட்டு வாங்கும்போது விலை மிகக் குறைவாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். இரண்டு டெராபைட் என்று எழுதியிருக்கும் போலிப் பென் டிரைவுகள் இணையத்தில் நிறைய விற்கின்றன. உள்ளே இருப்பது அதில் ஒரு சிறு பங்கே. கணினியில் முழு அளவு இருப்பதாகவே காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராமலேயே பிற்பகுதிக் கோப்புகள் வெறும் கூடுகளாகிவிடும். "எச்2டெஸ்ட்டபிள்யூ" என்ற சிறிய இலவச மென்பொருள், வட்டு முழுவதையும் எழுதி வாசித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். வாங்கியவுடன், கோப்புகளை இடுவதற்கு முன்பே அதை ஓட்டிப் பாருங்கள். வட்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் (வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையில்) இருக்கட்டும், ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது, நீண்ட காணொளி இருந்தால் மாட்டிக்கொள்ளும். யூ.எஸ்.பி. 3 துளையில் செருகினால் 180 ஜிபியைப் படியெடுக்க ஒரு மணி நேரம் போதுமானதாக இருக்கலாம்; பழைய யூ.எஸ்.பி. 2 துளையானால் இரண்டு மணி நேரமாவது ஆகும்.

"காப்பி முடிந்தது" என்று திரையில் வந்துவிட்டால் போதும் என்று பலரும் எழுந்துவிடுகிறார்கள். குறைந்தது, மூலக் கோப்புறை, படிக் கோப்புறை இரண்டின் பண்புகளையும் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதைவிட நல்லது, "ஃப்ரீஃபைல்சிங்க்" போன்ற இலவச மென்பொருளில் உள்ளடக்க ஒப்பீட்டைத் தேர்ந்தெடுத்து ஓட்டுவது. இரண்டு பக்கத்தையும் அது பைட் பைட்டாக ஒத்துப் பார்க்கும். பிறகு நீங்களே வெளிவட்டிலிருந்து ஆங்காங்கே சில படங்களையும் சில குரல் பதிவுகளையும் திறந்து பாருங்கள்.

ஐயாவின் பணிக்கு முக்கியமான இன்னொன்று, தேதி. சாதாரணமாகப் படியெடுத்தால், "திருத்திய தேதி" மாறாது. ஆனால் "உருவாக்கிய தேதி" படியெடுத்த நாளாக மாறிவிடும். டிஜிட்டல் கேமரா எடுத்த படத்தின் உள்ளேயே படம் எடுத்த தேதி பதிந்திருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை. ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. விண்டோஸிலேயே உள்ள "ரோபோகாப்பி" கட்டளையால் படியெடுத்தால் கோப்பின் எல்லாத் தேதிகளும் அப்படியே வரும். எந்தக் கல்லை எந்த ஆண்டில் பார்த்தீர்கள் என்பது நாளைக்கு ஓர் ஆய்வாளருக்குத் தேவைப்படும். எனவே இதைச் சிறிய விஷயமாக விட்டுவிட வேண்டாம்.

விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போகவும் இந்தக் கணினி தாராளமாகப் போதும். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில், 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. அதன் நிறுவியில் "வட்டை முழுவதும் அழித்து நிறுவுக" என்ற தேர்வு எளிதாகக் கண்ணில் படும். அதைச் சொடுக்கினால் சி மட்டுமல்லாமல் அந்த வட்டிலுள்ள டி-யும் போய்விடும். கைமுறைப் பகுப்பைத் தேர்ந்து, பயனரின் கோப்புகள் இருக்கும் "ஹோம்" என்பதற்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கினால், அடுத்த முறை இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் விட்டு, கோப்புகளையும் அமைப்புகளையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். லினக்ஸுக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் உபுண்டு பென் டிரைவ் ஒன்று கையில் இருப்பது நல்லது. விண்டோஸ் எழும்பாமல் நின்றுபோன கணினியில் அதைச் செருகி, எதையும் நிறுவாமல் "முயன்று பார்" என்ற தேர்விலேயே தொடங்கி, உள்வட்டின் கோப்புகளை வெளிவட்டுக்கு எடுத்துவிட முடியும்.

தமிழில் நீளமாகக் கோப்புப் பெயர் வைப்பவர்கள் லினக்ஸுக்குப் போகும்போது ஒரு புதுச் சிக்கலைக் காண்பார்கள். விண்டோஸில் கோப்புப் பெயர் 255 குறியீடுகள் வரை போகலாம். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 அமைப்பில் வரம்பு 255 பைட்டுகள். யூனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) தமிழில் மெய்க்கும் அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியே மும்மூன்று பைட் செலவாகும். ஆறெழுத்துள்ள "பென்னாகரம்" என்ற சொல்லே 30 பைட் எடுத்துக்கொள்கிறது. ஊர், வட்டம், கல்லின் வகை, அரசன் பெயர், ஆட்சியாண்டு என்று ஒரே பெயருக்குள் அடுக்கிவைத்திருந்தால், அத்தகைய ஒன்பதாவது சொல்லில் பெயர் எல்லை தாண்டிவிடும். அந்தக் கோப்பு மட்டும் படியேறாமல் நிற்கும். மூலத்தையும் படியையும் ஒப்பிடும்போது எண்ணிக்கை குறைந்தால் முதலில் நீளமான பெயர்களைத் தேடுங்கள்.

பழைய மாணவர் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இடம் வேண்டும் என்று அந்த லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டால், அடுத்த முறை கணினி "கிரப் ரெஸ்க்யூ" என்ற கருப்புத் திரையில் நின்றுவிடக்கூடும். எல்லாம் போய்விட்டது என்று எண்ணி முழு வட்டையும் ஃபார்மட் செய்துவிடுவார்கள். உண்மையில் தொடக்க நிரல் மட்டுமே கெட்டிருக்கும்; கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பாலக்கோடு டிடிபி எழுதியது:

ஐயா எழுதியதில் "வானவில் எழுத்துருவில்" என்ற இடத்தை மேலே இருவரும் கவனிக்காமல் கடந்துவிட்டார்கள். திருமணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அடித்துத் தரும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில், கணினியைப் பொறுத்தவரை தமிழே இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு ஒரு பைட்டும் குறையாமல் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் திறந்தால் ஒரு வரிகூட வாசிக்க இயலாது. கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்தவர்களை நான் அறிவேன். ஆகவே உங்கள் எழுத்துருக்களும் உங்கள் சொந்தக் கோப்புகளே. டி டிரைவில் ஒன்றும் ஆகாது என்று சொன்ன கடைக்காரர் சி டிரைவை ஃபார்மட் செய்தால், எழுத்துருக்கள் அனைத்தும் அதோடு போய்விடும்.

சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற கோப்புறை இருக்கும். அதில் நீங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, படியெடுத்து, வெளிவட்டில் ஒட்டிவிடுங்கள். எழுத்துருவை இருமுறை சொடுக்கி "இன்ஸ்டால்" கொடுத்து நிறுவியிருந்தால், விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளில் அது ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள், உங்கள் பயனர் பெயரின் கீழ் போய் அமர்ந்திருக்கும். அங்கேயும் எட்டிப் பாருங்கள். எழுத்துருவை எடுத்துக்கொண்டால் மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்ய முடியாது; விசைப்பலகை மென்பொருளின் நிறுவல் கோப்பும், பணம் கொடுத்து வாங்கியதானால் அதன் உரிம எண்ணும் தேவை. சில மென்பொருள்களின் உரிமத்தைப் பழைய கணினியில் விடுவித்தால்தான் புதியதில் ஏறும். ஃபார்மட் செய்த பிறகு அதை விடுவிக்க வழியிருக்காது.

இத்தனையும் செய்தாலும் அது தற்காலிக ஏற்பாடே. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது; 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்16-க்கும் மாறியது. வானவில், பாமினி குறியாக்கங்களோ தனிவழி. இன்று எந்தத் தேடுபொறியும் கைப்பேசியும் யூனிகோடைத்தான் அறியும். உங்கள் குறிப்புகளை எழுத்துரு மாற்றும் மென்பொருள் கொண்டு யூனிகோடாக மாற்றி ஒரு தனிப் படி வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். கல்வெட்டு வாசகங்கள் இருப்பதால் இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மாற்றும்போது ஒகரக் குறியும் கிரந்த எழுத்துகளும் தமிழ் எண்களும் சில இடங்களில் தவறாக மாறும். இடையில் வரும் ஆங்கிலச் சொல் தமிழ்போல் உருமாறி நிற்கும். எனவே ஒவ்வொரு வாசகத்தையும் படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கும். உடனடிக் காப்புக்கு, பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். பிடிஎஃப் தனக்குள்ளேயே எழுத்துருவை வைத்துக்கொள்ளும் என்பதால், எந்தக் கணினியிலும் கண்ணால் வாசிக்க முடியும். அதில் தேட முடியாது. ஆனால் யூனிகோடுப் படியில் ஐயம் வந்தால் ஒத்துப் பார்க்க அது கைகொடுக்கும்.

அரூர் ஓய்வாசிரியர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வெளிவட்டு வாங்கும்வரை கணினியைக் கடைக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எழுத்துருவைப் பற்றி நான் நினைத்தே பார்த்ததில்லை.

ஃபான்ட்ஸ் கோப்புறையைத் தேடும்போது வேறொன்று கண்ணில் பட்டது. என் டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் உள்ள சில கோப்புகளின் பக்கத்தில் சிறிய மேகக் குறி தெரிகிறது. சிலவற்றில் பச்சை நிறச் சரிக்குறி இருக்கிறது. என் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது ஏதோ கணக்கு திறந்து கொடுத்தான். அப்படியானால் இவை ஏற்கெனவே வேறிடத்தில் பாதுகாப்பாக இருக்கின்றனவா? பழைய வட்டை வேலை முடிந்தபின் கடையில் கொடுத்துவிடலாமா என்பதையும் தெரிவியுங்கள்.

காவேரிப்பட்டணம் சர்வீஸ்காரர் எழுதியது:

ஐயா, அது ஒன்டிரைவ், மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடம். மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கிறது என்று பொருள்; உங்கள் வட்டில் அதன் பெயர்தான் இருக்கிறது. பச்சைச் சரிக்குறி இருந்தால் இரண்டு இடத்திலும் இருக்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் மேகக் குறிக் கோப்புகளைப் படியெடுத்தால் அவை வராது. வட்டை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் வராது. ஒன்டிரைவ் கோப்புறையை வலச்சொடுக்கி, "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகே வெளிவட்டுக்கு எடுங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மகனிடம் கேட்டு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய இயங்குதளத்தில் அது இல்லாமல் உள்ளே போக முடியாது.

ஒன்டிரைவைக் காப்புப்படி என்று முழுமையாக நம்பவும் வேண்டாம். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். அது நிரம்பியதும் புதியவை மேலே ஏறாமல் நின்றுவிடும்; உங்கள் 180 ஜிபியில் அது ஒரு மூலைக்கும் காணாது. மேலும் அது ஒத்திசைவு வசதி என்பதால், இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். அழித்தவை ஒன்டிரைவின் குப்பைத் தொட்டியில் சில நாள் இருக்கும் என்பது உண்மை. அதற்குள் உங்களுக்குத் தெரிய வந்தால்தான் உண்டு.

ஆய்வக நண்பர் பழைய வட்டைப் பற்றிச் சொன்னது சரி; வெளிவட்டுப் படி முதலில், கழற்றுவது பிறகு. வேலை முடிந்தபின் பழைய வட்டைக் கடையில் கொடுக்க வேண்டாம். சுழலும் வட்டில், ஃபார்மட் செய்த பிறகும் கோப்புகளை மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. தொலைத்தவருக்கு அது நன்மை, விற்றவருக்கு அதுவே தீமை. உங்கள் ஓய்வூதியத் தாள்களும் குடும்பப் படங்களும் அதில் இருக்கும் அல்லவா? எஸ்.எஸ்.டி.-யில் நிலைமை தலைகீழ்; அழித்த இடத்தை அதுவே உள்ளுக்குள் துடைத்துவிடுவதால், தவறி ஃபார்மட் செய்தால் மீட்பது பெரும்பாலும் இயலாது. எனவே புதிய எஸ்.எஸ்.டி.-க்கு மாறிய பிறகு வெளிவட்டுப் படியின் தேவை முன்பைவிடக் கூடும்.

நிறுவல் நாளன்று யூ.பி.எஸ். பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்பதையும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோடை மழைக் காலத்தில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

தருமபுரி ஆய்வகத்தார் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள், அவுட்லுக் அல்லது தண்டர்பேர்டில் இறக்கி வைத்த மின்னஞ்சல்கள் ஆகியவை டாக்குமென்ட்ஸில் இருப்பவை அல்ல; பெரும்பாலும் ஆப்டேட்டாவில் இருப்பவை. டாலி வைத்திருப்பவர்களின் கணக்குத் தரவும் பெரும்பாலும் யூசர்ஸ் கோப்புறையின் கீழ் "பப்ளிக்" என்ற பகுதியில் இருக்கும். அவர்கள் டாலிக்குள்ளிருந்தே பேக்கப் எடுத்துக்கொள்வது நல்லது. ஐயாவுக்கு எளிய வழி, தனித்தனியாகத் தேடாமல் யூசர்ஸ் கோப்புறை முழுவதையும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு, டி டிரைவோடு சேர்த்து எடுத்துவிடுவதே. தேவையற்றதும் கொஞ்சம் வரும். இடம் அதிகம் ஆகும். ஒரு டெராபைட் வெளிவட்டுக்கு அது பொருட்டல்ல.

அரூர் ஓய்வாசிரியர் எழுதியது:

அப்படியே செய்கிறேன். யூசர்ஸ் கோப்புறையைச் சோதனையாகப் படியெடுத்துப் பார்த்தபோது, சில கோப்புகள் "பயன்பாட்டில் இருக்கின்றன" என்று சொல்லி நின்றன. அதற்கு என்ன செய்வது?

தருமபுரி ஆய்வகத்தார் எழுதியது:

உலாவி, வேர்டு, மின்னஞ்சல் ஆகியவற்றை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் நிற்பவை பெரும்பாலும் "என்.டி.யூசர்" என்று தொடங்கும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள், அவற்றை "ஸ்கிப்" கொடுத்துத் தாண்டிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்கும்போது எண்ணிக்கை அந்த அளவுக்கு மட்டும் குறைந்திருந்தால் கவலை இல்லை. படமோ வேர்டு கோப்போ அந்தப் பட்டியலில் வந்தால் மட்டும், அதன் பெயரை இங்கே எழுதுங்கள்.